தரை ஆமை முட்டையை வீட்டில் பொரிக்க வைப்பது எப்படி

கோழி முட்டையை அடைவைத்துப் பழகியவர்கள்தான் ஆமை முட்டையில் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். கோழி முட்டையை நாளுக்குச் சில தடவை புரட்டிப் போட வேண்டும். ஆமை முட்டையைப் புரட்டினால் கரு செத்துப்போகும். கோழிக்கு 37.5 டிகிரி சூடு. அந்தச் சூட்டில் ஆமைக் கரு பிழைக்காது. கோழிக் குஞ்சு 21 நாளில் வெளியே வரும். ஆமையோ இனத்தைப் பொறுத்து இரண்டு மாதமும் எடுக்கும், ஆறு மாதமும் எடுக்கும். அத்தனை நாளும் பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்க்காமல் இருப்பதுதான் இந்த வேலையில் பாதி.

புரட்டக் கூடாததற்குக் காரணம் எளிது. கோழி முட்டையில் மஞ்சள் கருவை இரு பக்கமும் முறுக்கிய வெண்ணிழை ஒன்று பிடித்து நிறுத்தியிருக்கும். ஆமை முட்டையில் அந்த இழை கிடையாது. இட்டபின் மஞ்சள் கரு கனத்தால் கீழே இறங்கும், உயிர்க்கரு மேலே வரும், ஒன்றிரண்டு நாளில் ஓட்டின் உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டை தலைகீழானால் ஒட்டிய சவ்வு பிய்ந்துபோகும், அல்லது மஞ்சள் கருவின் பாரம் முழுக்கக் கருவின் மேல் இறங்கும். வளர்ச்சியின் முதல் பாதியில்தான் இந்த ஆபத்து அதிகம். பிந்தைய நாட்களில் கொஞ்சம் தாங்கும் என்றாலும் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

சட்ட விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் பட்டியலில் தரை ஆமைக் குடும்பம் முழுவதுமே இருக்கிறது. நட்சத்திர ஆமை 2019-ல் அதன் முதல் பட்டியலுக்கு ஏற்றப்பட்டது. எந்த இனத்தை வைத்திருக்கலாம், குஞ்சு பொரித்தால் யாரிடம் பதிய வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் வைத்திருப்பதே குற்றம். காட்டில் கண்ட முட்டையைத் தோண்டி எடுத்து வருவது எங்கேயும் கூடாது. இனி வருவதெல்லாம் முறைப்படி வளர்க்கும் ஆமை இட்ட முட்டைகளுக்கு.

முட்டை வரப்போகிறது என்பது எப்படித் தெரியும்

பெண் ஆமை சாப்பாட்டைக் குறைக்கும். அடைப்பின் ஓரத்தையே சுற்றிச் சுற்றி வரும், மண்ணில் மூக்கை வைத்து முகரும், பின்னங்காலால் அங்கே இங்கே தோண்டிப் பார்த்துவிட்டுப் பாதியில் விடும். இந்த ஒத்திகை சில நாளும் நடக்கலாம், இரண்டு வாரமும் நடக்கலாம். வெயில் படும் பக்கம், குழியின் சுவர் சரியாத அளவுக்கு ஈரமுள்ள மண் வேண்டும். வறண்ட மணலில் தோண்டத் தோண்டக் குழி மூடிக்கொண்டே வரும். ஆமை அலுத்துப்போய் முட்டையை உள்ளேயே நிறுத்திக்கொள்ளும். நாள்கணக்கில் தோண்டியும் இடவில்லை, சோர்ந்து கிடக்கிறது, பின்னங்கால் இழுக்கிறது என்றால் அது முட்டைக்கட்டு. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய நேரம் அது.

அருகில் ஆண் ஆமை இல்லையே என்று முட்டையைக் கூமுட்டையாக முடிவுகட்ட வேண்டாம். பெண் ஆமை விந்தை உடம்புக்குள் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கும். அதே சமயம், இளம் ஆமையின் முதல் ஈட்டில் கூமுட்டை அதிகம் இருப்பது வழக்கம்தான்.

இடத் தொடங்கிவிட்டால் கிட்டே போகாதீர்கள். குழியை மூடி, அடிவயிற்று ஓட்டால் தட்டிச் சமன்செய்துவிட்டு அது விலகிப் போகும் வரை தூரத்திலிருந்து பார்த்தால் போதும். ஆனால் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் எந்த இடம் என்றே தெரியாத அளவுக்கு அது மூடியிருக்கும்.

தோண்டி எடுத்தல்

கரண்டியும் விரலும் போதும், மண்வெட்டி வேண்டாம். மேலிருந்து நேராக இறங்காமல் ஓரத்திலிருந்து மண்ணை வழித்துக்கொண்டு வாருங்கள். முதல் முட்டையின் முதுகு வெள்ளையாகத் தெரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். தூக்குவதற்கு முன்பே, அது கிடக்கும் நிலையில் மேல்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் ஒரு எண் போடுங்கள். அந்த எண்தான் கடைசி நாள் வரை மேலே பார்த்திருக்க வேண்டும். மார்க்கர் பேனா கூடாது. ஓட்டில் நுண்துளைகள் இருக்கின்றன, மையின் கரைப்பான் அவற்றின் வழியே உள்ளே போகும்.

இட்டுச் சில மணி நேரமே ஆகியிருந்தால் கொஞ்சம் உருண்டாலும் கெட்டுப்போகாது. எப்போது இட்டது என்று தெரியாத குழி என்றால், ஒரு டிகிரி சாயாமல் எடுக்க வேண்டும். ஒரு டப்பாவில் நாலு சென்டிமீட்டர் உலர்ந்த மணல் போட்டு, விரலால் குழி அழுத்தி, ஒவ்வொரு முட்டையையும் அப்படியே உட்கார வைத்துக் கொண்டுவாருங்கள்.

முட்டையைக் கழுவாதீர்கள். தாயின் உடம்பிலிருந்து வரும்போது ஓட்டின்மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும், கிருமியைத் தடுப்பது அதுதான். கழுவினால் பூச்சு போகும், தண்ணீரோடு அழுக்கும் துளைக்குள் இறங்கும். கட்டியாக ஒட்டிய மண்ணை மட்டும் காய்ந்தபின் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடலாம். மயிரிழை விரிசல் உண்டு, உள்சவ்வு கிழியவில்லை, ஈரம் கசியவில்லை என்றால் அந்த முட்டையைக் காப்பாற்ற முடியும். உருகிய மெழுகைச் சின்ன பிரஷ்ஷில் தொட்டு விரிசலின்மேல் மட்டும் ஒரு கோடு இழுங்கள். ஓடு மூச்சுவிடும் பொருள், அதனால் முழுதும் பூசிவிடக் கூடாது.

முட்டைகளைத் தொட்ட கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆமைகள் தமக்கு நோய் எதுவுமில்லாமலே, நமக்கு வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். அதே காரணத்துக்காக இந்த வேலையைச் சமையலறை மேடையில் செய்ய வேண்டாம்.

பெட்டி

கடையில் கிடைக்கும் ஊர்வன இன்குபேட்டர் இருந்தால் வேலை சுலபம். கோழி இன்குபேட்டர்தான் இருக்கிறது என்றால், புரட்டும் தட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சூட்டை 30 டிகிரிக்கு இறக்க முடிகிறதா என்று பாருங்கள். பலவற்றில் முடியாது. இரண்டும் இல்லாவிட்டால் தண்ணீர்ப் பெட்டி ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். மின்சாரம் போனாலும் நீர் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் இதில் ஒரு தனி லாபமும் உண்டு.

வேண்டியவை: உள்ளளவு சுமார் 30-க்கு 25 சென்டிமீட்டர், உயரம் 30 சென்டிமீட்டர் உள்ள தடித்த தெர்மோகோல் பெட்டி, 50 வாட் மீன்தொட்டி ஹீட்டர், முழுக்க நீரில் மூழ்கும் வகை, டயல் 34 டிகிரி வரையாவது போக வேண்டும், இரண்டு செங்கல், அவற்றின்மேல் வைக்க ஒரு கம்பித் தட்டு, மூடிக்குக் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் தகடு, முட்டைக்கு இரண்டு லிட்டர் அளவிலான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, உச்ச அளவையும் குறைந்த அளவையும் நினைவில் வைக்கும் டிஜிட்டல் வெப்பமானி இரண்டு, ஒரு ஈரப்பதமானி, சூடு குறித்த அளவைத் தொட்டதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்று.

தெர்மோகோல் சில நேரம் கசியும். அதனால் உள்ளே சரியாகப் பொருந்தும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை இறக்கிவிட்டு அதில் தண்ணீர் ஊற்றுவது நல்லது. எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர், அடியில் ஹீட்டர், நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழும்படி செங்கல், அதன்மேல் தட்டு, தட்டில் டப்பா. கண்ணாடி மூடியைக் கிடைமட்டமாக வைக்காமல் ஒரு பக்கம் இரண்டு சென்டிமீட்டர் தூக்கிச் சாய்வாக வையுங்கள். மூடியின் அடியில் ஆவி குளிர்ந்து துளிதுளியாகக் கோக்கும். மூடி சாய்ந்திருந்தால் துளிகள் கண்ணாடியிலேயே வழிந்து ஓரத்துக்குப் போகும். நேராக இருந்தால், ஒரே துளி ஒரே முட்டையின் ஒரே இடத்தில் நாள்முழுக்கச் சொட்டும். அந்த இடத்தில் ஓடு ஊறி, உப்பி, வெடிக்கும்.

தெர்மோஸ்டாட் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் உணரியை முட்டைக்கருகே காற்றில் வைத்து, ஹீட்டரை அதன் பொறுப்பில் விட்டால் சூடு ஊஞ்சலாடும். காற்று குளிர்ந்ததும் ஹீட்டர் எரியும். நீர் மெல்லச் சூடாகி, காற்றும் சூடாகித் தெர்மோஸ்டாட் நிறுத்தும்போது நீரில் ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சிய சூடு ஏறியிருக்கும். ஆகவே ஹீட்டரின் சொந்த டயலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, முட்டை இருக்கும் உயரத்தில் நமக்கு வேண்டிய சூடு நிலைக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். நீர் பெரும்பாலும் காற்றைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாக இருக்கும். வெளித் தெர்மோஸ்டாட்டை 33 டிகிரியில் வைத்துக் காவலாக மட்டும் நிறுத்துங்கள். ஹீட்டர் கோளாறாகி ஓயாமல் எரிந்தால் அது மின்சாரத்தை வெட்டும். கேபிள் அல்லது சூடேற்றும் பாய் வைத்த, தண்ணீரில்லாத பெட்டிக்கு இந்தச் சிக்கல் குறைவு. அங்கே தெர்மோஸ்டாட்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் இது. கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் உள்ள இணைப்பில்தான் செருக வேண்டும். ஒயரைச் செருகும் இடத்துக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டால், ஒயர் வழியே வழியும் நீர் பிளக்குக்குப் போகாது.

வெப்பமானியை நம்புவதற்கு முன் சோதியுங்கள். வெதுவெதுப்பான நீரில், 36 டிகிரி வாக்கில், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் அதன் உணரியையும் சேர்த்துப் பிடித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு டிகிரி பொய் சொல்லும் மலிவுக் கருவிகள் ஏராளம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையே அந்த ஒரு டிகிரி மாற்றிவிடும். ஈரப்பதமானிக்கு உப்புச் சோதனை: ஒரு சின்ன மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் எட்டு மணி நேரம் வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் ஐந்து கூட்டிப் படியுங்கள்.

முட்டை வருவதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டியை ஓட விட்டு, இரவும் பகலும் அளவு நிற்கிறதா என்று பாருங்கள். ஆமை முந்திக்கொண்டால் பதற்றம் வேண்டாம். 20 முதல் 25 டிகிரி உள்ள அறையில் முட்டைகள் இரண்டு மூன்று நாள் அப்படியே காத்திருக்கும். ஆட்டம் காணும் பெட்டியில் அவசரமாக வைப்பதைவிட அது மேல்.

படுகையும் ஈரமும்

முட்டைக்கு அடியில் போட வெர்மிகுலைட் அல்லது பெர்லைட் என்ற, சூட்டில் பொரித்த லேசான கனிமத் துகள், பருமனான ரகம். தூளாக இருப்பது முட்டையில் அப்பிக்கொண்டு காற்றை அடைக்கும். இங்கே தரை ஆமைகளுக்கென்று ஒரு விதி: முட்டையின் ஓடு கடினமான இனங்களுக்கு ஈரம் காற்றில் இருக்கட்டும், அல்லது படுகையில் இருக்கட்டும், இரண்டிலும் கூடாது.

தண்ணீர்ப் பெட்டி என்றால் காற்றே ஈரமாக இருப்பதால் படுகையை உலர்வாகவே போடுங்கள். உலர்ப்பெட்டி என்றால் எடைக்கு எடை அளந்து நனையுங்கள்: 150 கிராம் வெர்மிகுலைட்டுக்குக் கொதித்து ஆறிய நீர் 120 கிராம். கண்மதிப்பு வேண்டாம், தராசு வேண்டும். நனைத்ததை ஒரு பிடி அள்ளி இறுக்கினால் கட்டியாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டு நீர் வரக் கூடாது. டப்பாவில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, முட்டையின் பாதி உள்ளே, பாதி வெளியே தெரியும்படி உட்கார வையுங்கள். முட்டைகள் ஒன்றையொன்று தொடாமல் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். ஒன்று அழுகினால் பக்கத்ததையும் கூட்டிக்கொண்டு போகும். மூடியில் மூன்று மில்லிமீட்டர் துளை நாலு போதும்.

டப்பாவை முட்டையோடு எடை போட்டு மூடியில் எழுதி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அலுங்காமல் தூக்கி எடை பாருங்கள். குறைந்த அளவுக்கு, அதே சூடுள்ள நீரை டப்பாவின் ஓரமாக விடுங்கள், முட்டையின்மேல் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. முட்டையே கொஞ்சம் எடை இழக்கும் என்பதால் குறைந்ததில் ஒரு பங்கை விட்டுவைத்தாலும் தப்பில்லை. ஈரம் குறைவதால் சாவதைவிடக் கூடுவதால் வெடிக்கும் முட்டைகள்தான் அதிகம்.

மத்தியதரைக் கடல் பக்கத்து ஹெர்மன், கிரேக்க ஆமைகளுக்குக் காற்றில் 70 முதல் 80 சதவீதம் ஈரம் போதும். மழைக்காட்டு இனமான செங்கால் ஆமைக்கு 80-க்கு மேல். பொரியும் நாள் நெருங்கும்போது எல்லா இனத்துக்கும் கொஞ்சம் ஏற்றினால் உள்சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்காமல் இருக்கும்.

சூடு: எத்தனை டிகிரி, எத்தனை நாள்

ஹெர்மன் ஆமைக்கும் கிரேக்க ஆமைக்கும் 30 முதல் 32 டிகிரி. சுமார் 60 நாள், சில முட்டை 75 வரை இழுக்கும். சல்காட்டா என்ற பெரிய ஆப்பிரிக்க ஆமைக்கு 28 முதல் 31. மூன்று முதல் நாலு மாதம். செங்கால் ஆமைக்கு 28 முதல் 30. நாலு முதல் ஐந்து மாதம். நட்சத்திர ஆமைக்கும் ஏறத்தாழ 28 முதல் 30. மூன்று மாதத்திலும் வரும், ஐந்து மாதமும் ஆகும். சிறுத்தை ஆமை இன்னும் அடங்காதது. ஒரே ஈட்டின் முட்டைகள் வாரக்கணக்கில் முன்பின்னாக வரும்.

சில இனங்களில் கரு பாதியிலேயே தூங்கிவிடும். மடகாஸ்கரின் கதிர் ஆமையும் சிலந்தி ஆமையும் இதற்குப் பேர்போனவை. முதலில் சில வாரம் இதமான சூடு, பிறகு நாலைந்து வாரம் 18 முதல் 20 டிகிரிக் குளிர்ச்சி, மீண்டும் சூடு என்று பருவம் மாறுவதைப் போலக் காட்டினால்தான் வளர்ச்சி தொடங்கும். நேராக 30 டிகிரியில் மாதக்கணக்கில் வைத்துவிட்டு, வளரவில்லையே என்று நல்ல முட்டையைத் தூக்கி எறிபவர்கள் இருக்கிறார்கள்.

தரை ஆமையில் ஆண் பெண்ணைத் தீர்மானிப்பது சூடுதான். அதுவும் மொத்த நாட்களில் நடு மூன்றில் ஒரு பங்கின் சூடு. குறைந்த பக்கம் ஆண், கூடிய பக்கம் பெண். ஹெர்மன் ஆமையில் 30-க்குக் கீழே பெரும்பாலும் ஆண், 31.5-ஐ ஒட்டி இரண்டும் கலந்து வரும். அதற்கு மேலே பெண் கூடும். பெண் வேண்டும் என்று 33, 34 என ஏற்றாதீர்கள். அந்தச் சூட்டில் வரும் குஞ்சுகளின் முதுகில் ஓட்டுத் தகடுகள் கூடுதலாகவோ கோணலாகவோ இருக்கும், மஞ்சள் கருவை உறிஞ்சி முடிக்காமலே வெளியே வரும். 35-க்கு மேல் சில மணி நேரம் போனாலே மொத்த ஈடும் போய்விடலாம்.

குளிர்ச்சி அப்படியல்ல. மின்சாரம் போய் ஓர் இரவு 24 டிகிரிக்கு இறங்கினால் வளர்ச்சி கொஞ்சம் நின்று பிறகு தொடரும், நாள் சிறிது கூடும், அவ்வளவுதான். மின்வெட்டின்போது பெட்டியைத் திறக்காமல் மேலே ஒரு கனமான போர்வையைப் போட்டுக் காற்றுக்கு ஓரத்தில் இடைவெளி விட்டால் போதும். வெந்நீர்ப் பாட்டிலை உள்ளே வைத்து அவசரத்தில் சூட்டை ஏற்றிவிடுபவர்கள்தான் முட்டையைக் கொல்கிறார்கள். மின்சாரம் திரும்பியதும் ஒரு மணி நேரம் அருகில் இருந்து, அளவு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கோடைப் பகலில் அறையே 34 டிகிரிக்குப் போனால் எந்த ஹீட்டரும் உங்களுக்கு உதவாது. பெட்டியை வீட்டின் மிகக் குளிர்ந்த அறையில், சன்னல் வெயில் எட்டாத மூலையில், தரைமட்டத்தில் வையுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

நல்ல முட்டையின் முதல் அடையாளத்துக்கு டார்ச்சே வேண்டாம். புதிதாக இட்ட முட்டை இளஞ்சிவப்பு கலந்த, லேசாக ஒளி ஊடுருவும் வெள்ளை. முதல் இரண்டு வாரத்துக்குள் அதன் உச்சியில், பென்சில் எண்ணுக்குப் பக்கத்தில், சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றும். புள்ளி வட்டமாகும், வட்டம் பட்டையாகி முட்டையைச் சுற்றும், கடைசியில் முட்டை முழுவதுமே பளபளப்பு மங்கிச் சுண்ணாம்பு வெள்ளையாகும். கரு ஒட்டிய இடத்திலிருந்து ஓடு உலர்ந்துகொண்டே போவதன் அடையாளம் அது. புள்ளி வந்த முட்டை கருக்கட்டிய முட்டை. வராததெல்லாம் கூமுட்டை என்று அர்த்தமில்லை, சில மெதுவாக வரும்.

மூன்றாவது வாரத்தில் ஒருமுறை டார்ச் பார்க்கலாம். அறையை இருட்டாக்கி, சூடேறாத சின்ன எல்இடி டார்ச்சை முட்டையின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடியுங்கள். முட்டையை எடுக்க வேண்டாம், இருந்த இடத்திலேயே வெளிச்சம் காட்டினால் போதும். நல்லதில், ஆரஞ்சு வெளிச்சத்துக்கு நடுவே மயிரிழைச் சிவப்பு நரம்புகள் கிளை பிரிந்து ஓடும். உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு கரும்புள்ளி துடிப்பதுகூடத் தெரியும். ஆறாவது வாரம் வாக்கில் நரம்பு மறைந்து கருத்த திரளாகும், ஒரு பக்கம் காற்றறையும் தெரியலாம். கூமுட்டை கடைசி வரை மஞ்சளாகவே ஒளிரும், மஞ்சள் கரு அடியில் படிந்து கிடக்கும். நரம்புகள் இருந்து, பிறகு அவை உடைந்து ஒரு சிவப்பு வளையமாக மட்டும் மிஞ்சியிருந்தால் கரு இடையில் செத்திருக்கிறது. முதல் மாதத்தில் ஒருமுறை, பிறகு ஒருமுறை பார்த்தால் போதும். வாராவாரம் டார்ச் அடிப்பது முட்டைக்கு அல்ல, நம் ஆவலுக்கு.

வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து அரை நிமிடம் காற்றாட விடுங்கள். கடைசி மூன்றில் ஒரு பங்கு நாட்களில் கருவுக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும், அப்போது வாரம் இருமுறை. திறந்தவுடன் மூக்கை அருகில் கொண்டுபோங்கள். ஈர மண் வாசம் நல்லது. அழுகல் வாடை ஒரு கீற்று வந்தாலும் எது என்று கண்டுபிடியுங்கள்: பச்சையோ சாம்பலோ படிந்தது, ஓட்டில் வியர்வை போல ஈரம் கசிவது, தொட்டால் மற்றவற்றைவிடக் குளிர்ந்திருப்பது. அதை உடனே வெளியேற்றுங்கள். உள்ளே வாயு சேர்ந்து அது வெடித்தால் மொத்தப் பெட்டியும் நாறும், வாடைக்குச் சின்ன ஈக்கள் வந்து நல்ல முட்டையின் விரிசலிலும் முட்டையிடும். மூடித் துளைகளின்மேல் நெருக்கமான வலைத்துணி ஒட்டியிருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஓட்டின்மேல் வெள்ளைப் பூஞ்சை மட்டும் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டுக் காற்றோட்டத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். பூஞ்சை படர்ந்த முட்டையிலிருந்து நல்ல குஞ்சு வருவது அபூர்வமல்ல. ஓடு குழிந்தால் ஈரம் போதவில்லை. உப்பி நெடுக்காக வெடிப்பு விட்டால் ஈரம் அதிகம். நாற்பது நாளுக்கு மேலான நல்ல முட்டையில் வெடிப்பு வந்து, உள்சவ்வு கிழியாமல் இருந்தால், டப்பாவை உலர்ந்த படுகைக்கு மாற்றுங்கள். பல நேரம் பிழைத்துக்கொள்ளும்.

பொரியும் நாட்கள்

மூக்கு நுனியில் உள்ள முட்டைப் பல்லால் குஞ்சு ஓட்டைக் குத்தும். முதலில் தெரிவது நட்சத்திரம் போன்ற ஒரு கீறல். சிறிது நேரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து மூக்கு வெளியே தெரியும். அதன் பிறகு எதுவும் நடக்காது. ஒரு பகல், ஓர் இரவு, இன்னொரு பகல் அசையாமல் கிடக்கும். செத்துவிட்டதோ என்று ஓட்டை உரிக்கத் தோன்றும். உரிக்காதீர்கள். உள்ளே இருக்கும் மிச்ச மஞ்சள் கருவை அது வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது, ஓட்டின் உள்சுவரில் ஓடும் நரம்புகளில் இன்னும் இரத்தம் இருக்கிறது. அவசரப்பட்டு உரித்தால் அந்த நரம்பு அறுந்து குஞ்சு இரத்தம் இழக்கும். ஒன்று முதல் மூன்று நாள், சிலது நாலாவது நாளும் எடுக்கும். மூக்குக்குக் காற்று வருகிறதா, சவ்வு காய்ந்து மூக்கில் ஒட்டவில்லையா என்று மட்டும் பாருங்கள். ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தை மட்டும் ஈரப்படுத்தலாம்.

வெளியே வந்ததும் அடிவயிற்றைப் பாருங்கள். நடுவில் பட்டாணி அளவுக்கோ கொஞ்சம் பெரிதாகவோ மஞ்சள் கருவின் பை துருத்திக்கொண்டிருக்கலாம். அது கிழிந்தால் தொற்று வந்து குஞ்சு தப்பாது. சின்னக் கிண்ணத்தில் ஈர டிஷ்யூவை வளையமாக மடித்துப் போட்டு, பை எதிலும் உரசாமல் குஞ்சை அதில் உட்கார வைத்து, கிண்ணத்தை இன்குபேட்டருக்குள்ளேயே வையுங்கள். இரண்டு மூன்று நாளில் பை உள்ளே போய்த் தழும்புக் கோடு மட்டும் தெரியும். முட்டைக்குள் மடங்கிக் கிடந்ததால் ஓடு குறுக்கே மடிந்த மாதிரி இருப்பதும் இயல்பு, ஓரிரு நாளில் நிமிரும்.

பிறகு தட்டையான பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீர், தாடையைத் தாண்டாத ஆழம். பத்து முதல் பதினைந்து நிமிடம், தினமும். குஞ்சு தலையைக் குனிந்து நீண்ட நேரம் குடிப்பதைப் பார்க்கலாம். சாப்பாட்டுக்கு அவசரமில்லை. வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது. இரண்டு மூன்று நாள் கழித்து இனத்துக்கேற்ற புல், செம்பருத்தி இலை, முசுக்கொட்டை இலை என்று பொடியாக நறுக்கி, மேலே ஒரு சிட்டிகை கால்சியம் தூவி வைத்தால் தானே மேய்ந்துகொள்ளும். புற ஊதாக் கதிர் தரும் யுவிபி விளக்கும் ஈரமான வளர்ப்புப் பெட்டியும் முதல் நாளிலிருந்தே தயாராக இருக்கட்டும். குஞ்சுப் பருவத்தில் காற்று வறண்டால் ஓடு மேடு மேடாகக் கூம்பி வளரும், பின்னால் திருத்த முடியாது.

பொரியாத முட்டைகள்

முதல் குஞ்சு வந்துவிட்டதற்காக மற்றதையெல்லாம் தூக்கிவிடக் கூடாது. நாற்றம் இல்லாதவரை இன்னும் முப்பது நாள், சிறுத்தை ஆமை, நட்சத்திர ஆமை என்றால் அதற்கு மேலும் பொறுங்கள். அதன் பிறகும் வராதவற்றை வீட்டுக்கு வெளியே, கையுறை போட்டு, முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு உடைத்துப் பாருங்கள். அடுத்த ஈட்டுக்கு என்ன மாற்ற வேண்டும் என்பது அதற்குள் இருக்கிறது. நரம்பின் சுவடே இல்லாத மஞ்சள் நீர் என்றால் கருக்கட்டவே இல்லை, பெட்டியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நகத்தளவு கரு செத்திருந்தால் எடுக்கும்போது புரண்டிருக்கும், அல்லது தொடக்கத்தில் சூடு எகிறியிருக்கும். தகடுகளோடு முழு உருவமான குஞ்சு, மஞ்சள் கருவின் பெரிய பையோடு செத்துக் கிடந்தால் கடைசி வாரங்களைப் பாருங்கள்: சூடு அதிகம், அல்லது மூடியின் துளைகள் போதாமல் மூச்சு முட்டியிருக்கும். ஓட்டைக் குத்திவிட்டு அப்படியே காய்ந்திருந்தால் ஈரம் குறைவு. ஒவ்வொரு முட்டையின் எண்ணுக்கும் எதிரே இதை எழுதிவிட்டு, பழைய வெர்மிகுலைட்டைக் கொட்டி, டப்பாவைப் பிளீச்சிங் கரைசலில் கழுவி, வெயிலில் வாசம் போகும் வரை காய வையுங்கள்.